பக்கத்து யூனிட்டின் மீட்டர்

கிளேட்டனில் வாடகை யூனிட்டுக்குக் குடிவந்ததுமே கரன்ட் கம்பெனியை மாற்றினேன்; இங்கே யாரிடம் கரன்ட் வாங்குவது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். பொது மீட்டர் பெட்டியில் எது எங்களுடையது என்று யாரிடமும் கேட்காமல், தோன்றிய ஒன்றின் எண்ணைக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து, கடுங்குளிரில், எங்கள் வீட்டில் மட்டும் கரன்ட் போனது. குழந்தைக்கு இருமல். போன் செய்தால், எங்கள் இணைப்பு ஓடிக்கொண்டிருப்பதாகக் கம்பெனிப் பெண் சாதித்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உங்கள் சங்காத்தமே வேண்டாம், இப்போதே துண்டியுங்கள் என்று கத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டார்.

நான் ஆமாம் என்பதற்குள் ஜன்னலைத் தட்டினார் பக்கத்து யூனிட் யாழ்ப்பாணத்து அன்ரி. கையில் நீளமான எக்ஸ்டென்ஷன் வயர்.

“இந்தாங்கோ மகள், குழந்தைக்கு ஹீட்டரைப் போடுங்கோ. அங்கிளின்ர ஒட்சிசன் மெசினுக்குப் பக்கத்தில ஒரு பிளக் சும்மாதான் கிடக்கு.”

எனக்குள் ஏதோ உறைத்தது. போனோடு மீட்டர் பெட்டிக்கு ஓடி, கம்பெனிப் பெண்ணை எண்ணைப் படிக்கச் சொன்னேன். அந்த எண் இருந்த மீட்டரில் மங்கலாக அன்ரியின் யூனிட் எண்; என் பெயரில் ஓடியது அன்ரி வீட்டு மீட்டர், கணக்கே இல்லாமல் துண்டிக்கப்பட்டது எங்களுடையது.

வேண்டாம், துண்டிக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எண்ணைத் திருத்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் கோபத்தோடு போனை எடுக்கும்போதெல்லாம், சுவருக்கு அப்பால் அங்கிளுக்கு மூச்சு தரும் அந்த மெஷின் ஓடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன்.