நான் தாண்ட வைத்த படி

என் மகன் எட்டு மாதத்தில் தவழ்ந்தான் என்று எங்கள் தெருவே சொல்லும். பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்தான்.

ஒலக்கூர்ப் பக்கம் எங்கள் வீடுகளில், குழந்தை தவழ்ந்து வாசற்படியைத் தாண்டினால் கொழுக்கட்டை செய்து தெருவுக்குக் கொடுப்போம். என் நாத்தனார் மகளுக்கு ஆறு மாதத்திலேயே கொடுத்தாகிவிட்டது. என் பிள்ளையோ குப்புறப் போட்டால் போட்ட இடத்தில் கிடப்பான். கை முன்னே போகும், கால் கூடவே வராது. அந்த நேரம் பார்த்துத்தானா எங்கள் மாடு கன்று ஈன வேண்டும்? நாலு காலும் நாலு பக்கம் வழுக்கி, விழுந்து எழுந்து, ஒரு மணி நேரத்தில் அது மடியைத் தேடிப் போய்விட்டது. எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே! வாயில்லா ஜீவன் மேல் கோபப்பட்டேன்.

நாத்தனார் சும்மா இருப்பாளா? "இன்னுமா கொழுக்கட்டை வரல?" என்று வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்பாள். ஒருநாள் வீட்டில் யாருமில்லை. பிள்ளையைத் தூக்கிப் படிக்கு அந்தப் பக்கம் விட்டு எடுத்தேன். பிறகு மாவு பிசைந்தேன். தாண்டிவிட்டான் என்று வீடு வீடாகக் கொடுத்தேன். என் ரோஷம் அப்படி.

ஒன்றேகால் வயதாகியும் அவன் நிற்கவில்லை. திண்டிவனத்தில் டாக்டரிடம் காட்டினோம், நாத்தனாரும் கூட வந்தாள். எப்போது தவழ்ந்தான் என்று டாக்டர் கேட்டார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எட்டு மாசத்துல சார்" என்றேன்.

அப்படியென்றால் நடையும் வந்துவிடும், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தோம். பாவி நான், வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் விழுப்புரத்தில் பிள்ளைகளுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் நான் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், நடந்ததையெல்லாம் அழுது கொட்டினேன். அவர் திட்டவில்லை. கன்று எல்லாவற்றையும் வயிற்றிலேயே முடித்துக்கொண்டு வருகிறது, நம் பிள்ளைகள் வெளியே வந்துதான் பழக வேண்டும் என்றார். வலது கை போகும்போது இடது முழங்கால் போக வேண்டும், இவனுக்கு அதிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்றார்.

"அப்பவே இட்டாந்திருந்தா இவ்ளோ கஷ்டம் இல்லம்மா. இனிமே மெதுவாத்தான் வரும்."

ஐந்து மாதம் பஸ்ஸில் அலைந்தேன். இரண்டே முக்கால் வயதில் ஒருநாள், பயிற்சிக்கு விரிக்கும் ரப்பர் பாயில் கையும் முழங்காலும் மாற்றி மாற்றி வைத்து, தானாகவே என்னிடம் வந்தான். என் புடவையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

திரும்பும்போது வீட்டுக்காரர் போன் செய்து, இன்றைக்கு என்ன செய்தான் என்று கேட்டார். அவருக்கு அவன் என்றைக்கோ தவழ்ந்துவிட்ட பிள்ளை.

"ஒண்ணுமில்லங்க, வந்துக்கினு இருக்கோம்" என்றேன்.