என் ஓலைக்கு நானே சொன்ன தடை

என்னிடம் ஒரு கருநீலப் பாஸ்போர்ட் இருக்கிறது. அட்டையில் சிங்கமும் கொம்புக் குதிரையும். உள்ளே, நான் பிரிட்டனுக்கும் அதன் காலனிகளுக்கும் உரிய குடிமகள் என்று அச்சடித்திருக்கிறது. பிரிட்டனை நான் கண்ணால் பார்த்ததில்லை. பிறந்தது நைரோபியில். பள்ளிப் படிப்பில் பெரும்பகுதி அங்கே, மிச்சமும் கல்லூரியும் தாம்பரத்தில்.

இது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டது. அப்பா கென்யாவில் ரயில்வே குமாஸ்தா. வெள்ளைக்காரன் ஆண்ட நாடு அது. சுதந்திரம் வந்ததும், கென்யக் குடியுரிமை வேண்டுமானால் இரண்டு வருஷத்துக்குள் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அப்பா எழுதவில்லை. இருக்கிற பிரிட்டிஷ் பாஸ்போர்ட் போதும் என்று எனக்கும் ஒன்று வாங்கி வைத்தார். அம்மா மட்டும் கல்யாணமாகிக் கப்பல் ஏறியபோது கொண்டுபோன இந்தியப் பாஸ்போர்ட்டையே புதுப்பித்துக்கொண்டு வந்தாள். அப்பா மாரடைப்பில் போன பிறகு நானும் அம்மாவும் மூட்டை கட்டினோம். நேராக லண்டனுக்கே போயிருக்கலாம், அப்போது யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அம்மாதான், "முதல்ல ஊருக்குப் போவோம். லண்டன் எங்க ஓடிடப் போகுது?" என்றாள்.

லண்டன் ஓடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டது. அறுபத்தெட்டில் அவசர அவசரமாக ஒரு சட்டம் வந்தது. பாஸ்போர்ட் எங்களுடையதுதான், ஆனால் உன் அப்பாவோ அம்மாவோ தாத்தாவோ பாட்டியோ எங்கள் மண்ணில் பிறந்திருந்தால்தான் நீ பாட்டுக்கு வரலாம். இல்லையென்றால் வவுச்சர் என்ற அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பித்து, உன் முறை வரும்வரை வெளியே நில். இதுதான் அதன் சாரம். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! என்னைக் குடிமகள் என்று அச்சடித்தவர்களும் அவர்கள்தான், வாசலில் நிறுத்தினவர்களும் அவர்கள்தான்.

இன்னொரு வழியும் இருந்தது. இந்திய வம்சாவளி என்றால், ஆறு மாதம் இங்கே குடியிருந்து கலெக்டரிடம் விண்ணப்பித்து இந்தியக் குடிமகளாகப் பதிந்துகொள்ளலாம். ஆனால் நீலப் பாஸ்போர்ட்டைத் துறந்துவிட வேண்டும். பி.எஸ்ஸி. முடித்தவள் நான். அரசாங்க வேலைக்கான எந்தப் பாரத்தை எடுத்தாலும் 'இந்தியக் குடிமகளா?' என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். ஒரு தனியார் பள்ளியில் தற்காலிகமாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "கலெக்டர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இரேன்" என்று பள்ளியில் எல்லோரும் சொன்னார்கள். இந்தியா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிரிட்டன் தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாமல் தப்பிக்க நான் ஏன் உதவ வேண்டும்? அவ்வளவுதான் என் வாதம். அம்மா அதற்கு வைத்த பெயர் திமிர்.

ஆக, வவுச்சருக்கு விண்ணப்பித்தேன். எழும்பூரில் இறங்கி நடந்துபோய் பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்தில் பாரத்தைக் கொடுத்தேன். வரிசை எண் போட்டு ஒரு கடிதம் வந்தது: முறை வரும்போது தெரிவிக்கப்படும். எத்தனை வருஷம் என்று அதில் இல்லை.

அந்தக் கடிதம் மாமாவின் கண்ணில் பட்டதுதான் வினை.

மாமா அம்மாவின் தம்பி. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கர், எங்கள் சர்ச் சபையின் கமிட்டியிலும் ஒருவர். இரண்டு வாரத்தில் ஒரு மாப்பிள்ளையோடு வந்தார். அதே கம்பெனியில் சூப்பர்வைசர், நல்ல உயரம், டெர்லின் சட்டை, மரியாதையான பேச்சு. நானும் தலையை ஆட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "லண்டன்ல குளிர் எந்த மாசம் ஆரம்பிக்கும்?" என்பது. பேச வெட்கப்பட்டு எதையோ கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அவருடைய அம்மா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஓவர்கோட் ஒன்றை வாங்கி, மே மாத வெயிலில் மகனுக்கு மாட்டி, போட்டோ ஸ்டுடியோவுக்கு அனுப்பி வைத்ததை மாமா பெருமையாக வந்து சொன்னார். "அக்கா, பாத்தியா? உன் பொண்ணு தனியா அங்க போய்த் திண்டாட வேணாம். ஜோடியாப் போயிடுவாங்க."

தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் முன்பு லண்டன் போய், மறு வருஷமே புருஷனை அழைத்துக்கொண்டாள். அந்தக் கதை பல்லாவரத்திலிருந்து முடிச்சூர் வரை எல்லாக் கிறிஸ்தவ வீடுகளிலும் தெரியும். பெண்ணுக்கு லண்டன் கிடைத்தால் மாப்பிள்ளைக்கும் கிடைத்த மாதிரி என்பது எல்லோருக்கும் மனப்பாடம். யாரும் விதியைப் படித்ததில்லை. நானும்தான். கணக்கு டீச்சர் நான், வினாத்தாளைப் படிக்காமலே விடை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நிச்சயம் ஆனது. சபையில் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகளில் ஆராதனை நடுவே போதகர் இருவர் பெயரையும் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார். யாரும் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இருமல்கூட அடங்கிவிடும். பிறகு பாட்டு நம்பர் சொல்வார்.

முதல் ஓலை வாசித்த மறுநாள், பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு எழும்பூர் போனேன். விண்ணப்பத்தில் கணவர் பெயரை எப்படிச் சேர்ப்பது என்று கேட்கத்தான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த தமிழ்க் குமாஸ்தா கோப்பைப் புரட்டினார்.

"கல்யாணமா? வாழ்த்துக்கள். மாப்பிள்ளை பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டா?"

"இல்ல சார். இந்தியர்."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்படீன்னா இந்தக் கோப்பை மூட வேண்டியதுதாம்மா."

"ஏன் சார்?"

"வவுச்சர் குடும்பத் தலைவருக்குத்தான். நீங்க இப்போ கல்யாணமாகாதவங்க, அப்பாவும் இல்ல, அதனால உங்களுக்கு நீங்களே தலைவர். கல்யாணம் ஆயிட்டா புருஷன்தான் தலைவர். அவருக்கு இந்தப் பாஸ்போர்ட் இல்ல. ஆக வவுச்சரும் இல்ல."

"அப்போ நான் மட்டும் முதல்ல போய், அப்புறம் அவரைக் கூப்பிட்டா? ஒரு நர்ஸ் அப்படிக் கூப்பிட்டாங்களே."

"அது பழைய கதை. பொண்டாட்டி போய்ப் புருஷனைக் கூப்பிடறதை இப்ப நிறுத்திட்டாங்க. ஆம்பிளை போய்ப் பொண்டாட்டியைக் கூப்பிடலாம்." விதி அச்சடித்த தாளை என் பக்கம் தள்ளிப் படிக்க விட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் எழுதின விதி இல்லம்மா."

கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று கோப்பில் எழுதிக்கொண்டார். மாறுதல் ஏதாவது இருந்தால் மாத முடிவுக்குள் எழுத்தில் கொடுக்கச் சொன்னார். இல்லாவிட்டால் என் எண் வரிசையிலிருந்து போய்விடும்.

மின்சார ரயிலில் தாம்பரம் வரும்வரை ஒரே விஷயத்தைத்தான் திருப்பித் திருப்பி யோசித்தேன். என்னைக் கட்டிக்கொண்டு லண்டன் போக நினைக்கிறார் ஒருவர். என்னைக் கட்டிக்கொண்ட அந்த நிமிஷமே இரண்டு பேருக்கும் லண்டன் இல்லை. இதை இரண்டு வீட்டாரிடமும் சொல்லிவிட்டால் கல்யாணப் பேச்சு தானாக முடிந்துவிடும் என்று நம்பினேன்.

அன்று சாயங்காலமே மாமாவிடம் சொன்னேன். சிரித்தார்.

"ஜன்னல்ல உக்காந்திருக்கற குமாஸ்தா சொன்னானா? நானும் குமாஸ்தாதான் பாப்பா. எது கேட்டாலும் முதல்ல முடியாதுன்னுதான் சொல்லுவோம்."

"விதி மாமா. அச்சடிச்ச விதி. படிச்சுப் பார்த்தேன்."

"அப்போ கல்யாணம் ஆனதை அவன்கிட்ட ஏன் சொல்ற? சர்ச்சுல கட்டிக்கோ, ஆபீஸ்ல சொல்லாத. வெள்ளைக்காரன் வந்து உன் கழுத்தையா பாக்கப் போறான்?"

"பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?"

"ஓலை படிச்சாச்சு. இனிமே பொண்ணு பேசறதுக்கு ஒண்ணுமில்ல."

இரண்டாவது முறை மாப்பிள்ளையின் அம்மாவிடமே போய்ச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா இது? இஷ்டமில்லன்னா இஷ்டமில்லன்னு சொல்லு. எங்க புள்ளைய வுட்டுட்டு நீ மட்டும் பூடலாம்னு பாக்கறியா? நர்ஸு கூட்டிகினு போவல?"

மூன்றாவது முறை மாப்பிள்ளைக்கே கடிதம் எழுதினேன். பதில் மாமா மூலம் வாய்மொழியாக வந்தது: எல்லாம் பார்த்துக்கொள்ளலாம், கவலைப்பட வேண்டாமாம்.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று.

அம்மா நடுங்கிப் போயிருந்தாள். "ஆம்பிளை இல்லாத வீடு. இது நின்னுபோச்சுன்னா உனக்கு இன்னொரு இடம் வருமா? லண்டன் போனாப் போவுது."

"லண்டன் போனாப் போகட்டும்மா. அது எனக்குக் கிடைக்காமப் போறது வேற. மாமா கையால அதைக் கிழிச்சுப் போடறது வேற."

அம்மாவின் வாயில் இருக்கவேண்டிய சம்மதம் மாமாவின் சட்டைப்பையில் இருந்தது.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின நாள் போதகர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டார். மாமா கமிட்டிக்காரர் என்பதால் நெளிந்தார். "அம்மாடி, ஓலை சபைக்கு முன்னால வாசிக்கறது. தடையையும் சபைக்கு முன்னாலதான் சொல்லணும். என் வராந்தாவுல வந்து சொல்றது செல்லாது." என்னைக் கழற்றிவிடத்தான் சொன்னார். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த அந்த விதி எனக்குப் பிடித்துப்போனது. விதியைப் படிக்காமல் ஒருமுறை பட்டது போதும். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் பக்கம் நானும் அம்மாவும். ஆண்கள் பக்கம் மாமாவும், பல்லாவரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையும். எங்களுக்கு முன் பெஞ்சில் மாப்பிள்ளையின் அம்மா, தலையில் கனகாம்பரம். போதகர் பெயர்களை வாசித்தார். இருவரையும் இணைக்கத் தடை ஏதும் அறிந்தவர் உண்டானால் சொல்லலாம், இது மூன்றாம் முறை என்றார். சொல்லி முடிக்கும்போதே அவர் கை பாட்டுப் புத்தகத்துக்குப் போய்விட்டது.

எழுந்து நின்றேன்.

"எனக்குத் தெரியும்யா."

அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். போதகர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீயாம்மா?"

"வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டாங்க ஐயா. மாப்பிள்ளை என்னைக் கட்டிக்கறது லண்டன் போறதுக்கு. கல்யாணம் ஆயிட்டா என் வவுச்சர் ரத்து. அவரும் போக முடியாது, நானும் போக முடியாது. வீட்ல மூணு தடவை சொல்லிட்டேன். கல்யாணத்தை மறைச்சுப் பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. நான் போட மாட்டேன். இந்தக் கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதமில்ல."

மாமா பாதி எழுந்தார். "பாப்பா, உக்காரு! ஐயா, அவளுக்கு உடம்பு சரியில்ல..."

"இன்னா பொண்ணு இது! வாயப் பாரேன்!" என்று முன் பெஞ்ச் திரும்பியது.

அப்போதுதான் மாப்பிள்ளை எழுந்து நின்றார். அத்தனை பேருக்கு நடுவே, மரியாதையாகவே என்னைப் பார்த்துக் கேட்டார்: "நிஜமாவே ரத்தாயிடுமா? நீங்க எழுதினதை உங்க மாமா சும்மா பயமுறுத்தறதுன்னு சொன்னாரே?"

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்னால் இருந்து ஒரு கிழவர், "தம்பி பொண்ணைக் கேக்கல, டிக்கெட்டைக் கேக்கறாரு" என்றார். சபை மொத்தமும் குலுங்கியது. மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஒரு கடிதத்துக்குத் தானே பதில் எழுதியிருந்தால் இந்த அவமானம் அவருக்கு வந்திருக்காது.

போதகர் ஓலையை நான்காக மடித்தார். "தடை சொல்லப்பட்டது. ஓலை நிறுத்தப்படுகிறது" என்றார். பாட்டு நம்பரைத் தப்பாகச் சொன்னார். ஆளுக்கொரு பாட்டாகத் தொடங்கினோம்.

ஆராதனை முடிந்து மாமா எங்களைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்தார். அம்மா திட்டினால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "அவன் உன் கடுதாசியைப் பத்தி எங்கிட்ட வாயே திறக்கல" என்றாள். தம்பியைத்தான் சொன்னாள். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "எழும்பூருக்கு நாளைக்கு எத்தனை மணிக்கு ரயில்?" என்று கேட்டாள்.

மறுநாள் எழும்பூர் ஜன்னலில் அதே குமாஸ்தா. கல்யாணம் நின்றுவிட்டது என்று நான் எழுதி வைத்திருந்த காகிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"உறுதிதானாம்மா? சொந்தத்துல சண்டை வரும், சேரும். அடுத்த மாசம் வந்து மறுபடியும் நிச்சயம்னு சொன்னீங்கன்னா கோப்பு தாங்காது."

அம்மா தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். கல்யாணமாகாத மகள் என்ற பேச்சை நாலு பேருக்கு நடுவே எடுத்தாலே வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறவள் அவள். வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"சர்ச் நிறைய ஜனம் இருக்கும்போது எழுந்து நின்னு வேணாம்னு சொன்னவ சார் இவ. யாரும் இவளுக்குத் தலைவர் இல்ல. கல்யாணமாகாதவ. அப்படியே எழுதிக்கோங்க."

அவர் எழுதினார். கீழே சாட்சிக் கையெழுத்துக்கு இடம் விட்டு, காகிதத்தை அம்மா பக்கம் திருப்பினார். அம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். ஆனால் உடனே கையெழுத்துப் போடவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தாள். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். அம்மா அவசரப்படவில்லை.