சுவரில் ஏறிய வீடு

காலை ஆறு மணிக்குக் கட்டிலைத் தூக்கிச் சுவரில் மாட்டிவிடுவார் அஞ்செல் அம்மாள். இரண்டு கீல், ஒரு கொக்கி. அடிப்பலகைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துப் பழைய பிரெஞ்சுக் காலண்டரின் மலைப் படங்களைக் கத்தரித்து ஒட்டியிருப்பதால், நிமிர்ந்து நின்ற பிறகு அது கட்டிலாகத் தெரியாது. பெரிய படம்போல இருக்கும். அடுத்து மேசை இறங்கும். காப்பி குடித்ததும் அதுவும் ஏறிவிடும். கடைசியாக, உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலி தன் கொக்கிக்குப் போகும். ஏழு மணிக்குத் தரையில் ஒரு சாமான் இருக்காது.

"தரையில காலு மட்டும்தான் இருக்கணும். மத்ததெல்லாம் சுவத்துல ஏறிடணும். வொய்லா" என்று, அவ்வளவுதான் என்பதைப் பிரெஞ்சில் சொல்லி முடிப்பார்.

லாஸ்பேட்டையில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடி. ஒரே அறை, ஓரமாகச் சமையல் மேடை, குளியலறை. 2006 ஜனவரியில் சர்ச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்துவிட்டுப் போனபோது அங்கே நாலு வெள்ளைச் சுவர்தான் இருந்தது. இன்று ஜன்னலுக்கு எதிரே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எடுத்த கண்ணாடி. வெளியே நிற்கும் ஒரு தென்னை உள்ளே இரண்டாகத் தெரியும். சாராயக்கடையில் தூக்கிப்போட்ட நீலப் பாட்டில்களில் மணிபிளான்ட். எடைக்கு விற்கும் கைக்காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்த விளக்குக் கூடு. மூலையில் மச்சிலிருந்து தொங்கும் பழைய மீன்வலைக்குள் போர்வை, வெங்காயம், குடை, எல்லாம். எதுவும் நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

கீலும் கொக்கியும் அடித்தவர் தச்சர் காத்தவராயன். பதினேழாவது கொக்கியை முடுக்கியபோது அவர் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "உங்களுக்கும் ஒண்ணு அடிச்சிடறேன் மதாம். மாட்டிட்டா வேலை முடிஞ்சிது." அஞ்செல் சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வித்தை எங்கே கற்றது என்று யாராவது கேட்டால் பாரீஸ் என்பார். கேட்பவர்கள் கண்ணை விரிப்பார்கள். அங்கே முப்பத்தொரு வருஷம் ஒரு குடும்பத்துக்குச் சமைத்து, துவைத்து, அவர்கள் பிள்ளைகளை வளர்த்தார். குடியிருந்தது ஏழாவது மாடியில், தகரக் கூரைக்கு அடியில், கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடுகிற அறை. வேலைக்காரி அறைக்கு விருந்தாள் வருவது அந்த வீட்டாருக்குப் பிடிக்காது. முப்பத்தொரு வருஷத்தில் அந்த வாசலைத் தாண்டி வந்தவர் குழாய் ரிப்பேர்காரர் ஒருவர்தான். நாலு பேர் வந்துபோகிற ஒரு வீடு வேண்டும் என்றுதான் ஊர் திரும்பினார், சேமிப்பையெல்லாம் கொட்டி இதை வாங்கினார்.

ஆட்கள் வராமலில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கலியமூர்த்தி, ஃபிளாட் பார்க்க வருகிறவர்களை நேரே இங்கே அழைத்துவந்து, சுற்றுலா வழிகாட்டிபோல ஒவ்வொன்றாகக் காட்டுவார். எதிர்வீட்டு செல்வாம்பாள் இஞ்ச் டேப்போடு வந்து மேசையை அளந்துகொண்டு போவார். கட்டிலை ஒருதரம் இறக்கிக் காட்டச் சொல்வார்கள், அதிசயிப்பார்கள், நின்றபடியே காப்பியைக் குடிப்பார்கள், பத்து நிமிஷத்தில் போய்விடுவார்கள். புதிதாக ஏதாவது இருந்தால் திரும்ப வருவார்கள் என்று அஞ்செலுக்குப் புரிந்துபோயிற்று. அதனால் வாரம் ஒரு புதுமை செய்தார். ஒரு வாரம் பழைய புடவையில் தைத்த திரை. அடுத்த வாரம் செருப்பு வைக்கச் சுவரில் மூங்கில் கூடை. ஆள் வந்தது. தங்கத்தான் இல்லை.

வலையைக் கொடுத்தது மணியம்மாள். பிள்ளைச்சாவடியிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மீன் கொண்டுவருகிறவர். அஞ்செலைவிட இரண்டு வயது இளையவர். ஏப்ரல் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, தன் வீட்டு வலை எப்படித் தொங்குகிறது பார்ப்போம் என்று கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. எங்க குந்தறது?"

அஞ்செல் தரையைக் காட்டினார்.

"கீழ குந்தமாட்டேன் மதாம், முட்டி மடங்காது" என்றார் மணியம்மாள்.

அஞ்செல் அவசரமாக நாற்காலியைக் கொக்கியிலிருந்து எடுத்து விரித்தார். மணியம்மாள் உட்கார்ந்து, மருமகள் சண்டை, மூத்தவனின் படகுக் கடன், பஸ்ஸில் கூடையை ஏற்றவிடாத கண்டக்டர் என்று சொல்லிக்கொண்டே போனார். கால் மணி நேரமாயிற்று. அந்த வீட்டில் ஒருவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியதே இல்லை. திடீரென்று நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"நீயும் குந்து. போலீசுமாரி நின்னுகினே இருக்கிற."

உட்கார இன்னொன்று இல்லை. கட்டிலை இறக்கினால் மணியம்மாள் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் விழும். அஞ்செலின் பார்வை கொக்கி கொக்கியாகப் போய்வந்தது. பதினேழு கொக்கியில் நாற்காலிக்கு ஒன்றுதான்.

மணியம்மாளுக்கு விஷயம் புரிந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஊட்டுக்காரி நிக்க நான் குந்திகினு இருந்தா நல்லாவா இருக்கும்? அடுத்த தபா வந்து குந்தறேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தி நாலு பேரோடு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அஞ்செல் சந்தையில் இருந்தார். துருப்பிடித்த இரும்பு மடக்கு நாற்காலி ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, தேய்த்து, முதல் நாற்காலிக்கு அடித்த அதே நீலத்தை அடித்துக் காயவைத்தார். செவ்வாய்க்கிழமை காலை இரண்டையும் எதிரெதிரே போட்டு, இரண்டு பேருக்குக் காப்பி இறக்கிவைத்தார்.

பத்தரை மணிக்குச் செல்வாம்பாள் எட்டிப் பார்த்தார். "என்ன மதாம், தரையில சேர் நிக்குது?"

மீன்காரம்மாவுக்காக என்றார் அஞ்செல்.

"அய்ய, மீன் புடிக்கத் தடைக்காலம் வந்துட்டுது, தெரியாதா? நாப்பத்தஞ்சு நாளு போட்டு கடலுக்குப் போவாது. அந்தம்மா இனிமே ஜூனுலதான் வரும்."

அஞ்செல் ஊரைவிட்டுப் போன காலத்தில் அப்படி ஒரு தடை கிடையாது. நாற்காலியைக் காட்டி, "நீயாவது உட்காரும்மா, காப்பி ஆறுது" என்றார்.

"குக்கர் வெச்சிட்டு வந்துட்டேன் மதாம்."

கதவு சாத்திக்கொண்டது. அஞ்செல் இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தார். மேசையைச் சுவரில் ஏற்றினார். தன் நாற்காலியை மடித்துக் கொக்கியில் மாட்டினார். புது நாற்காலியின் முதுகைப் பிடித்து மடிக்கப் போனவர், கையை எடுத்துக்கொண்டார். அறைக்கு நடுவில் அது வழியை மறித்துக்கொண்டு நின்றது. அஞ்செல் அதைச் சுற்றிக்கொண்டு, சுவரோடு ஒட்டி ஒதுங்கி நடந்து, அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.