கேட்டு வாங்கிய பூட்டு

என்னிடம் ஒரு தகரப் பலகை இருக்கிறது. நீலத்தில் வெள்ளை எழுத்து. “இவ்வறையிலுள்ள சரக்கு வங்கியின் ஈட்டில் உள்ளது. அனுமதியின்றித் திறக்கக் கூடாது.” அடியில் தேதிக்கு விட்ட இடத்தில் நாளும் மாதமும் உதிர்ந்துவிட்டன. 1957 என்ற ஆண்டு மட்டும் மிச்சம்.

தேதி தெரியாமல் ஒரு நிகழ்ச்சியை எழுத எனக்குக் கை வராது. ஆகவே முடிந்தவரை நெருங்கிப் பார்க்கிறேன். இந்தப் பலகை எங்கள் வீட்டுக் கதவில் ஏறியபோது எதிர்வீட்டுச் சுவரில் தேர்தல் சின்னங்கள் புதிதாக எழுதியிருந்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தல் மார்ச்சில் நடந்தது. நயா பைசாவை நாங்கள் இன்னும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. அது ஏப்ரல் முதல் தேதி வந்தது. ஆக, தைக்கும் பங்குனிக்கும் நடுவே ஏதோ ஒரு நாள். எனக்கு எட்டு வயது.

போடியில் எங்கள் வீட்டின் பின்கட்டில் ஓர் இருட்டறை. மலையில் அப்பாவுக்கு இருந்த சின்ன ஏலத்தோட்டத்தின் காய், அங்கேயே விறகுச் சூட்டில் உலர்ந்து, மூட்டையாக இறங்கி வந்து அந்த அறையில்தான் அடையும். வெளிச்சம் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும் என்பதால் ஜன்னலைத் திறப்பதே இல்லை. மற்ற அறைகளில் பகலும் இரவும் மாறி மாறி வரும். அந்த அறையில் மட்டும் எப்போதும் ஒரே பொழுது. வெயில் நேரத்தில் அதன் கதவருகே தரையில் படுத்தால், கதவின் அடியிடுக்கு வழியே குளிர்ச்சியாக ஒரு மணம் ஊர்ந்து வந்து கன்னத்தில் படியும். மலைமேல் மேகம் இறங்கும் நாட்களில் வாசனை கனத்துத் தரையோடு கிடக்கும். எங்கள் பாவாடையிலும், சோற்றிலும், பள்ளிக்கூடப் புத்தகத்திலும் அது இருந்தது. நான் வெகுநாள் வரைக்கும் உலகத்தில் காற்றே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ராசிங்காபுரத்துப் பக்கம் எங்களுக்கு ஒரு கிணற்று நிலம். மாடு கட்டிக் கவலை ஏற்றத்தில் இறைத்துத்தான் பாய்ச்சல். அந்த வருஷம் வயல்களுக்கு நடுவே மின்கம்பங்கள் நட்டுக்கொண்டு வந்தார்கள். உடனே முன்பணம் கட்டி, மோட்டாரும் வாங்கி வைத்தால் எங்கள் கிணற்றுக்கும் கம்பி இழுப்பார்கள். இல்லையென்றால் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கரண்டு ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம் ரொக்கம் இல்லை. இருட்டறையில் காய் இருந்தது. ஆனால் வரத்து மிகுந்த மாதம் அது. விலை படுத்துக் கிடந்தது. இப்போது விற்றால் மோட்டாருக்குக் காணாது. விலை ஏறக் காத்திருந்தால் கம்பி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

வழி சொன்னது அத்தை. அப்பாவின் தங்கை. அப்பாவுக்குத் தினமும் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது அவள் சோலி. தலைப்போடு நிறுத்தாமல் உள்ளே பொடி எழுத்தில் இருப்பதையும் படிப்பாள். பேங்கில் சரக்கின் பேரில் பணம் கொடுக்கிறார்கள், சரக்கு நம் வீட்டிலேயே இருக்கும், பூட்டு மட்டும் அவர்களுடையது என்று அவள் சொன்னபோது, “நம்ம வீட்ல அடுத்தவன் பூட்டா?” என்று கேட்டார் அப்பா. ஆனாலும் மறுவாரம் பேங்குக் குமாஸ்தா தராசு, அரக்கு, பூட்டு, பலகை எல்லாவற்றோடும் வந்து இறங்கினார்.

எடை போட்டு, மூட்டைக்கு மூட்டை அரக்கு முத்திரை வைத்து, பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டு அவர் கிளம்பிய பிறகுதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. ஏலக்காய் வீடுகளில் ஒரு வழக்கம். பெண் கேட்டு வருகிறவர்கள் முன்னால் வெற்றிலைத் தட்டு வைக்கும்போது, அந்த வருஷத்துச் சொந்தக் காயில் ஒரு கைப்பிடி அதில் இருக்க வேண்டும். வந்தவர்கள் ஒன்றை உடைத்து, விதையின் கறுப்பைப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அத்தைக்குத் தேவாரம் என்ற பக்கத்து ஊரிலிருந்து சம்பந்தம் பேசி, வெற்றிலை மாற்ற நாளும் குறித்தாகியிருந்தது. அவசரத்தில் அப்பா அந்தக் கைப்பிடியையும் சேர்த்து ஈடு வைத்துவிட்டார்.

அம்மா தெருமுனை வரை ஓடிப்போய்க் குமாஸ்தாவை நிறுத்தினாள்.

“தம்பி, ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துக்கிடலாமா?”

“மூட்டைக்கு சீல் வச்சாச்சேக்கா. இனிமே அது பேங்குச் சரக்கு.”

“நேத்து வரைக்கும் எங்க காயிதானப்பா.”

“இன்னைக்கும் உங்க காயிதான். ஆனா எடுக்க முடியாது,” என்றார் அவர். அம்மாவுக்கு அது கடைசிவரை விளங்கவில்லை.

எனக்கு விளங்காதது வேறு. கதவருகே படுத்திருந்த என்னிடம் அத்தை குனிந்து, “இந்த ரூம்புல இருக்கதுதான்டி ஆத்தா, கரண்டா வரப்போவுது,” என்று சொல்லியிருந்தாள். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். இருட்டுக்குள்ளே காய்கள் மெல்ல மெல்லக் கரண்டாக மாறிக்கொண்டிருக்கின்றன, அதனால்தான் பூட்டு. யாராவது நடுவில் திறந்து பார்த்தால் மாறுவது நின்றுவிடும். வெள்ளிக்கிழமைதோறும் குமாஸ்தா வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவது, இட்லி வெந்துவிட்டதா என்று பார்ப்பதைப் போல. ஒருநாள் அவர் அப்பாவிடம், காய் இருக்க இருக்க உலர்ந்து எடை குறையும் என்று சொன்னார். குறைகிற எடைதான் வாசனையாக வெளியே வருகிறது என்று எனக்குப் புரிந்தது. அன்றுமுதல் கதவருகே மூச்சை அளந்து இழுத்தேன். கிணற்றுக்குப் போக வேண்டியதை நான் குடித்துவிடக் கூடாதே.

ஊருக்கு இத்தகைய குழப்பம் இல்லை. கதவில் வேற்றுப் பூட்டும் பலகையும் தொங்கினால் போடியில் அதற்கு ஒரே பொருள், ஜப்தி. பூ விற்கும் பெண் கடனுக்குப் பூக் கொடுப்பதை நிறுத்தினாள். அம்மா தன் பச்சைச் சேலையை எடுத்துக் கதவுக்கு மேலே இரண்டு ஆணியில் திரையாக மாட்டினாள். வெற்றிலை மாற்றும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்ததால், குமாஸ்தாவைக் கெஞ்சி அந்த வாரம் வியாழனே வந்துபோகச் செய்தார் அப்பா. தட்டுக்குக் காய் கடைவீதியில் வாங்கினோம். ஏலக்காயை விலைக்கு வாங்கிக்கொண்டு போகும் எங்களைக் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அம்மாவைச் சுட்டது.

வெள்ளிக்கிழமை மலையிலிருந்து நல்ல காற்று. மாப்பிள்ளையின் அப்பாவும், அவருடைய அக்காவும், இன்னும் சிலரும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். அத்தை அடுக்களைக் கதவுக்கு அந்தப்புறம். அந்த அக்கா தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து நகத்தால் கீறினார். விதையை வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார்.

“இது உங்க மலைக் காயி இல்லையே.”

அப்பா விசிறியை எடுத்தார். கீழே வைத்தார்.

“உங்க காயி இந்த வீட்டுலதான் இருக்கு. எனக்கு மூக்குக்குத் தெரியுது,” என்று சொல்லி அவர் எழுந்து, மணத்தைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனோம். கதவில் பச்சைச் சேலை இல்லை. பூட்டும் நீலப் பலகையும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

மாப்பிள்ளையின் அப்பா பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். “ஜப்தியா தம்பி?” என்றார், அடங்கிய குரலில். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“ஜப்தி இல்ல மாமா.” அடுக்களைப் பக்கமிருந்து அத்தையின் குரல். “ஜப்தின்னா அவுகளா வந்து பூட்டுவாக. இது நாங்க கேட்டு வாங்கின பூட்டு.”

“பொண்ணு பேசுது,” என்றார் அந்த அக்கா, தம்பியைப் பார்த்து.

“பேசட்டும்க்கா. பேங்குக்காரன் கதவுக்குத்தான பூட்டுப் போட்டிருக்கான்.” அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். “பூட்டைப் போயி யாராச்சும் கேட்டு வாங்குவாகளா?”

“இப்ப வித்தா யாவாரி சொல்ற வெல. சித்திரையில வித்தா நாம சொல்ற வெல. அது வரைக்கும் கரண்டுக் கம்பி நமக்காக நிக்காது. அதான்.”

“காயி காஞ்சு எட கொறைஞ்சா?”

“நட்டம் எங்களுக்கு.”

“வெல எறங்கிப்போனா?”

“அதுவும் எங்களுக்குத்தான்.”

“அப்ப பேங்குக்கு என்னதான் நட்டம்?”

“வாரத்துக்கு ஒருக்கா வெயில்ல நடந்து வரணும், மாமா.”

வந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை. பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார், குமாஸ்தாவைப் போலவே. பிறகு சொன்னார்: “கெணத்துல மோட்டார் ஓடித் தண்ணி விழுகட்டும். அன்னைக்கு வந்து வெத்தல மாத்துறோம்.”

“விழுகலேன்னா?” என்றாள் அம்மா, கேட்காமல் இருக்க முடியாமல்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதுதான் பதில்.

அதற்குப் பிந்தைய வாரங்கள் எனக்கு ஒரே நீண்ட மதியத்தைப் போலத்தான் நினைவில் இருக்கின்றன. அத்தையின் கல்யாணம் அந்த அறைக்குள் இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ராசிங்காபுரத்தை நோக்கி நடந்தன. நான் கதவருகே கண்ணை மூடிக் கிடப்பேன். கம்பிமேல் பச்சைக் காய்கள் குருவிகளைப் போல வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஒளிர்ந்து, கிணற்றுக்குள் குதிக்கும். எழுந்தால் கன்னத்தில் தரையின் கோடும், மூக்கில் மணமும் இருக்கும். அம்மா இரண்டு தடவை பெரிதாக அழுதாள். அத்தை அழுது நான் பார்க்கவில்லை. செய்தித்தாளை மட்டும் இன்னும் சத்தமாக வாசித்தாள்.

சித்திரையில் விலை ஏறியது. குமாஸ்தா சாவியோடு வந்தார். மூட்டைகள் வெளியேறின, பேங்குக் கணக்கு தீர்ந்தது, பலகை மட்டும் கேட்பாரில்லாமல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. முதல்முறையாக அந்த அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. எல்லாம் மாறி முடிந்துவிட்டது என்று நான் அமைதியடைந்தேன். அப்பாவின் முகத்தில் ஜெயித்த களை இருந்தது, ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் போய்வரும் வரை. ஏலக்காய் மட்டுமல்ல, அந்த வருஷம் அரிசி, பருப்பு, பட்டு, தங்கம் எல்லாமே ஏறியிருந்தன. “நாம ஏறுன படியிலேயே மத்ததும் சேந்து ஏறியிருக்கே,” என்றார் அம்மாவிடம்.

வைகாசியில் மோட்டார் ஓடியது. குழாய் முதலில் இருமியது, பிறகு செம்மண் நிறத்தில் துப்பியது, பிறகு வெள்ளையாகக் கொட்டியது. தேவாரத்துக்காரர்கள் சொன்னபடி வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கை நீட்டித் தண்ணீரைப் பிடித்து முகம் கழுவிக்கொண்டு, “வெத்தலயக் கொண்டா,” என்றார். இந்தத் தடவை தட்டில் எங்கள் காய் இருந்தது. விற்பதற்கு முன்னால் அம்மா முதலில் எடுத்துவைத்தது அந்தக் கைப்பிடியைத்தான். அக்கா ஒன்றை மென்று, இன்னொன்றை எடுத்தார். நான் குழாயில் வாய் வைத்துக் குடித்தேன். ஏலக்காய் மணத்தது. அப்படி மணக்க வழியில்லை என்று இன்று எனக்குத் தெரியும். ஆனாலும் மணத்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

கரண்டு எதனால் ஆனது, பேங்கு எதை நம்பி எதைக் கொடுத்தது என்பதெல்லாம் பின்னால் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த எட்டு வயதுப் பிள்ளை நினைத்தது அவ்வளவு தப்பில்லை என்றும் அவற்றில் சில வரிகள் சொல்கின்றன. புத்தகத்தில் இல்லாதது ஒன்றுதான். அதை அன்று ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, விருந்தாளிகள் வருவதற்குச் சற்று முன்னால், நான் பின்கட்டுக்குப் போனேன். அத்தை பட்டுச் சேலையும் தலைநிறையப் பூவுமாக அறைக்கதவு முன்னால் நின்றிருந்தாள். அவள் கையில் அம்மாவின் பச்சைச் சேலை, நாலாக மடித்து. “துவைக்கப் போடணும்டி,” என்றாள். சரி என்று நான் விளையாடப் போய்விட்டேன். முந்தின நாள்தான் அது துவைத்துக் காய்ந்தது.

அத்தை தேவாரத்துக்குப் போய், அங்கேயே வாழ்ந்து, மூப்படைந்து இறந்தாள். அவளிடம் இதைக் கேட்க எனக்குத் தோன்றியபோது அவள் இல்லை. அவள் கணவரான மாமாவிடம் கேட்டேன். “காத்துல விழுந்துச்சு. உங்க அத்தைதான் சொன்னா. நல்லதாப் போச்சுன்னு சிரிப்பா,” என்றார். காற்று இருந்தது உண்மை. நானே மேலே எழுதியிருக்கிறேன்.

சேலை விழுந்ததா, எடுக்கப்பட்டதா. எடுத்தவள் அந்தக் கல்யாணம் ஒளிவில்லாமல் நடக்க வேண்டும் என்று எடுத்தாளா, நடக்கவே வேண்டாம் என்று எடுத்தாளா. இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். ஒருவர் பார்க்காதவர், மற்றவருக்கு எட்டு வயது. இன்றுவரை சரிபார்க்க முடியவில்லை.