பன்னிரண்டு வீட்டுப் பொங்கல்

திருவானைக்காவலில் எங்கள் சந்தில் மாடு வைத்திருந்தது பால்காரம்மா ஒருவர்தான். மாட்டுப் பொங்கலன்று சந்து முழுவதும் அந்த ஒரு மாட்டைத்தான் கும்பிடும். வீட்டுக்கு ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் அதற்குப் போகவேண்டும் என்பது வழக்கம். ஆனால் பாதி வீடு மறந்துவிடும். எனக்கு எட்டு வயதான வருஷம், அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு வீடு. இலையும் கையுமாக யார் அலைவது என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பண்டிகை நாள் பாருங்கள், எல்லாரும் தாராளமாகவே போட்டார்கள். கன்று போட்டு இரண்டே நாளான மாடு அது. பால்காரம்மா பால் ஊற்றப் போயிருந்த நேரம், வாளியை நக்கித் துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தது.

மறுநாள் காலை மாடு எழுந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டில் இருந்த அத்தை அப்போதுதான் கால்நடை மருத்துவம் முடித்து வேலையில் சேர்ந்திருந்தாள். பால்காரம்மா அவளிடம்தான் ஓடிவந்தார். அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அந்த மாட்டால்தான். அத்தை மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. கன்று போட்ட மாடுகளுக்குக் கால்சியம் குறைந்து வரும் நோய் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள். என்ன தின்றது என்றும் ஒப்புக்குக் கேட்டாள்.

"எப்பவும் போலத்தாங்க டாக்டரம்மா. ரெண்டு வாய் பொங்கல்" என்றார் பால்காரம்மா.

நரம்பில் கால்சியம் ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடும் என்று தெருவே கேட்கச் சொன்னாள்.

மத்தியானம் ஆயிற்று. மாடு அசையவில்லை. தெருவுக்கு வாய் முளைத்தது. மலைக்கோட்டைப் பக்கம் பெரிய டாக்டர் இருக்கிறாராம், அவரைக் கூப்பிட்டிருக்கலாமே என்றார்கள். எதிர்வீட்டு மாமா போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு ஊசியே தப்பு என்றார். எனக்கு அவரைக் கடித்துவிடலாம் போலிருந்தது. அத்தை சாப்பிடாமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் எழுந்து போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

இந்த முறை புதிதாகப் பார்க்கிற மாடு மாதிரி மூக்கிலிருந்து ஆரம்பித்தாள். விலாவில் கைவைத்துக் குலுக்கினாள், உள்ளே தண்ணீர்க் குடம் போலத் தளும்பியது. சாணியை முகர்ந்தாள், புளித்த மாவு வாடை.

"காலையில இதை நான் பாக்கவே இல்லை" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். ஐயோ, இதை யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா? எனக்கு மானம் போயிற்று.

"யாரு யாரு பொங்கல் குடுத்தீங்க?" என்று கேட்டாள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு கரண்டிதான் என்று சத்தியம் செய்தார்கள்.

"யாரு கையில குடுத்தீங்க?"

சந்தே என் பக்கம் திரும்பியது.

"எவ்ளோ குடுத்தே, தங்கம்?" என்றாள் அத்தை.

"ஒரு வாளி" என்று சொல்லி ஓவென்று அழுதேன்.

திட்டக்கூட இல்லை. ஸ்கூட்டரில் பறந்து போய் மருந்தோடு வந்தாள். பொங்கல் வயிற்றில் புளித்துப்போன புளிப்பை முறிக்க, சோடா உப்பைக் கரைத்துக் குழாய் வழியாக மாட்டின் வயிற்றுக்குள் இறக்கினாள், நரம்பில் பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினாள். அடுத்த நாள் காலை கன்று கத்த, மாடு இரண்டு முறை தடுமாறி, மூன்றாம் முறை நின்றேவிட்டது! தெரு கைதட்டியது. பால்காரம்மா அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். நான் குதித்த குதியில் கன்று மிரண்டது.

"எல்லாம் இந்த வாண்டு பண்ணின வேலை" என்றார் எதிர்வீட்டு மாமா.

"இல்லீங்க, தப்பு என்னுது" என்றாள் அத்தை. "நேத்து காலையிலயே இவளைக் கேட்டிருக்கணும். நான் கேக்கலை."

அடேயப்பா, என்னைக் காப்பாற்ற என் அத்தை எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லித் திரிந்தேன். அவள் சொன்னது பொய்யே இல்லை என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.