இடது தாடைக்கு அடியில்

ஜூலை 14, திங்கள். நேற்று எழுதியதில் ஒரு பிழை. ரேசரை மூன்றாம் எண்ணில் வைத்துவிட்டுப் படுத்தேன் என்று எழுதியிருக்கிறேன். காலையில் பார்த்தால் ஏழில் இருக்கிறது. துடைக்கும்போது கை பட்டுத் திரும்பியிருக்கும். கவனிக்காமல் எழுதிவிட்டேன். தவறு என்னுடையது.

டைரியில் அன்று இவ்வளவுதான் இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தவறு என்னுடையது இல்லை. என்னுடையதாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

எனக்குக் கதை கட்டத் தெரியாது. பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். மாலையில் மின்சாரப் பழுது பார்க்கும் வகுப்புக்குப் போகிறேன். பார்த்ததைப் பார்த்த வரிசையிலேயே எழுதுவது அந்த வகுப்பில் வந்த பழக்கம். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

பழைய ரேசர் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. ஒரே ஒரு பிளேடைப் போட்டு மூடுகிற, கையில் கனமாக உட்காருகிற அந்தக் காலத்து ரேசர்கள். கறை போகக் கழுவி, மெருகேற்றி, ஒவ்வொன்றாலும் சவரம் செய்து பார்ப்பேன். என்னிடம் ஆறு இருக்கின்றன. ஆறாவதுதான் இது. போன மாதம் பழைய சாமான் கடையில் கிடைத்தது. அடிக்குமிழைத் திருகினால் தலைப்பக்கம் இரண்டு கதவுகள் போலத் திறக்கும். கழுத்தில் ஒரு வளையம். அதில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். எண் கூடக் கூட பிளேடு வெளியே எட்டிப் பார்க்கும். என் முகத்துக்கு மூன்று போதும். ஏழு என்றால் பயமறியாத கை வேண்டும். வளையத்தை ஓர் எண் நகர்த்தினால் 'டிக்' என்று கேட்கும்.

அந்தச் சத்தத்தை மறந்துவிடாதீர்கள்.

அப்பா எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். இரண்டாவது முறை பக்கவாதம் வந்ததிலிருந்து உடம்பு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தலையைக்கூட நாங்கள்தான் திருப்பிவிட வேண்டும். பேச்சும் போய்விட்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுக்கிறோம். ஒரு கீறல் பட்டாலும் ரத்தத்தை நிறுத்துவது கஷ்டம், பிளேடை அவர் பக்கமே கொண்டு போகாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் ஞாயிறுதோறும் மெஷினால் மேலோட்டமாக எடுத்துவிடுவேன். அரைகுறையாகத்தான் வரும்.

அது அத்தானுக்குப் பொறுக்காது. அத்தான் என்றால் அக்காவின் கணவர். நாங்கள் எல்லோரும் ஒரே வீடு. அவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். விடியுமுன் கிளம்பிவிடுவார்.

"மாமா மூஞ்சியைப் பாரு மாப்ள. தேஞ்ச டூத் பிரஷ் மாதிரி இருக்கு. ஒருநாள் நானே வழிச்சு விட்டுடறேன்."

இதை அவர் சொன்னது சனிக்கிழமை. நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை அப்பாவின் முகத்தை ஈரத்துணியால் துடைத்தேன். கை வழுக்கியது.

கன்னம் கண்ணாடி போல இருந்தது. மெஷினால் இப்படி வராது. இது பிளேடு. முடி வளரும் திசையில் ஒரு முறை, எதிர்த்திசையில் ஒரு முறை. நிதானமாகச் செய்த வேலை. எங்கும் ஒரு கீறல் இல்லை. இடது தாடைக்கு அடியில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு முடி அப்படியே நின்றது. அவசரத்தில் விட்டதுபோல. தலையணையில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது.

மாவு என்று நினைத்தேன்.

மாலை வகுப்பு முடிந்து வந்ததும் அத்தானைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பாவுக்கு ஷேவ் பண்ணினீங்களா?"

"எப்போ?"

"காலையில."

"காலையில நான் அடுப்பு முன்னாடி வெந்துட்டு இருந்தேன். கனவு கினவு கண்டியா?"

"என் ரேசரை எடுத்திருக்கீங்க."

அவருக்கு மார்பு வரை தாடி. அதை மெதுவாக உருவிக்கொண்டார். "ஏன் மாப்ள, என்னைப் பார்த்தா ரேசர் எடுக்கிற ஆள் மாதிரியா இருக்கு?"

அக்கா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

"அப்பாவுக்கு ரத்தம் வந்திருந்தா?" என்றேன். "விளையாட்டா இது?"

அத்தானின் முகம் மாறிவிட்டது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். அக்கா என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அவர் இல்லன்னா அப்பாவைத் தூக்கி உக்கார வைக்க யாருடா இருக்கா? வாயை அடக்கிப் பேசு."

நான் அடக்கவில்லை. மனதுக்குள் அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ரேசரிலிருந்து பிளேடைக் கழற்றினேன். பிளேடு பெட்டிகள் எல்லாவற்றையும் என் பையில் போட்டுப் பூட்டினேன். பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். இனி எப்படிச் செய்கிறார் பார்க்கலாம்.

புதன்கிழமை காலை அப்பாவின் முகம் மழமழவென்று இருந்தது.

பை பூட்டியபடியே இருந்தது. ரேசர் அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஏழில் நின்றது. குமிழைத் திருகித் திறந்தேன். உள்ளே பிளேடு இல்லை. பிளேடு இருக்க வேண்டிய இடத்தில் ஈரமான சோப்பு நுரை. நுரையில் பொடிப்பொடியாக நரைமுடி.

தாடைக்கு அடியில் விட்டுப்போன இடம் சுருங்கியிருந்தது. கட்டைவிரல் அகலம் இல்லை. சுண்டுவிரல் அகலம். குனிந்து முகர்ந்தேன். என் சோப்பு எலுமிச்சை மணம். அப்பாவின் கன்னத்தில் கிராம்பு மணத்தது.

அக்காவிடம் காட்டினேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"இந்த வீட்ல பிளேடு பைத்தியம் யாரு?"

"அக்கா..."

"தூக்கத்துல எழுந்து நடக்கிறியாடா? உண்மையைச் சொல்லு."

தூக்கத்தில் செய்வது தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? அன்று கடையில் இரண்டு லென்ஸ்களை உடைத்தேன். என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு ஒரு ஏற்பாடு செய்தோம். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் நான் படுப்பது. அக்கா அறையை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வது. ரேசரைப் பிளேடு இல்லாமல், மூன்றில் வைத்து, என் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். சட்டைப்பையைக் குண்டூசியாலும் குத்தினேன். தூக்கத்தில் நானே ரேசரை எடுக்கப் போனால் ஊசி குத்தி விழித்துக்கொள்வேன்.

அத்தானின் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தத்தில் விழித்தேன். நாலே முக்கால். சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது. ஆக, அத்தான் வீட்டில் இல்லை. நான் படுத்த இடத்திலேயே இருக்கிறேன். கதவு பூட்டியிருக்கிறது. ஜன்னல் வழியாகத் தெருவிளக்கின் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

ஐந்து மணி பத்து நிமிடம். சத்தம் கேட்டது.

சளப்... சளப்... சளப்...

கிண்ணத்தில் பிரஷ்ஷைச் சுழற்றி நுரை கூட்டும் சத்தம். தினமும் நான் செய்வதுதான். எனக்கு அது தெரியாமல் போகுமா? அறையில் கிண்ணம் இல்லை. பிரஷ்ஷும் இல்லை.

கிராம்பு மணம் வந்தது.

எழுந்து உட்கார்ந்தேன். அப்பா மட்டும்தான் இருந்தார். வேறு யாரும் இல்லை.

சத்தம் நின்றது.

டிக்.

என் நெஞ்சில்.

டிக்.

சட்டைப்பைக்குள், துணிக்கு அடியில், வளையம் நகர்ந்தது. இதயத்துக்கு மேலேயே.

டிக்... டிக்.

மூன்றிலிருந்து ஏழு.

அப்பாவின் முகவாய் மெதுவாக உயர்ந்தது. எட்டு மாதமாகத் தானாக அசையாத தலை. யாரோ இரண்டு விரலால் தூக்குவதுபோல உயர்ந்து, வலப்பக்கம் திரும்பியது.

கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. தோலை இழுத்துப் பிடிக்கக் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் விழும் குழி. விரல் இல்லை. குழி மட்டும்.

ஸ்ர்ர்க்...

ஒருநாள் முடி. கோடு கோடாக மறைந்தது.

ஸ்ர்ர்க்... ஸ்ர்ர்க்...

குழி நகர்ந்தது. கன்னம். தாடை. தாடைக்கு அடியில். தொண்டைக்குப் பக்கத்தில்.



அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. தலைமாட்டில், சற்று மேலே, நிற்கும் ஓர் ஆளின் முகம் இருக்கும் உயரத்தில் பார்த்தார். வாய் திறந்தது.

"மெதுவா..."

எட்டு மாதம் கழித்து அவர் பேசிய முதல் சொல்.

அதற்குப் பிறகுதான் கத்தினேன். அக்கா பூட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். தாடைக்கு அடியில் தீக்குச்சி அகலத்துக்கு ஒரு கோடு மட்டும் பாக்கி. என் சட்டைப்பை நனைந்திருந்தது. குண்டூசி குத்தியபடியே இருந்தது. உள்ளே ரேசர் வெதுவெதுவென்று, வெந்நீரில் முக்கி எடுத்ததுபோல இருந்தது.

அன்றே ரேசரைக் கொண்டுபோய் வகுப்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அத்தான் வேலையிலிருந்து வந்ததும் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. தாடியை உருவிக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு லீவு போடறேன் மாப்ள. நான் உக்கார்றேன். எவனா இருந்தாலும் என் கையைத் தாண்டித்தானே போகணும்?"

அத்தானின் கையைச் சொல்ல வேண்டும். புறங்கை முழுக்க அடர்ந்த முடி. அக்கா கரடிக் கை என்பாள். மாவில் முடி விழாமலிருக்க உறை மாட்டிக்கொண்டுதான் பிசைவார். இன்று விடிகாலையில் அந்த வலது கையை அப்பாவின் இடது தாடைக்கு அடியில், பாக்கியிருந்த அந்தக் கோட்டின் மேல், பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன்.

ஐந்து மணி பத்து. அத்தானின் தோள் துள்ளியது.

"என்ன அத்தான்?"

"கூசுது."

"கையை எடுக்காதீங்க."

"எடுக்கல." குரல் அடங்கியிருந்தது. "மாப்ள... சோப்பு தேய்க்கிறாங்க."

ஸ்ர்ர்க்...

அவர் கையை எடுக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். நன்றாக விடியும் வரை அப்படியே இருந்தார். பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன்.

தீக்குச்சி அகலக் கோடு அப்படியே இருந்தது. அத்தானின் புறங்கையில் மணிக்கட்டு முதல் விரல் வரை ஒரு முடி இல்லை. பிறந்த குழந்தையின் தோல் போல இருந்தது. ஒரு கீறலும் இல்லை.

அவர் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். "நல்ல வேலைக்காரன்தான்" என்றார். சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

இன்று மதியம் பழைய சாமான் கடைக்காரர் ஒரு எண் கொடுத்தார். ரேசரை அவரிடம் போட்டுவிட்டுப் போன ஒரு வயதான அம்மாளின் எண். கூப்பிட்டேன். ரேசரைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றேன்.

"கிராம்பு வாசனை வருதா?" என்று கேட்டார்.

நான் அதைச் சொல்லியே இருக்கவில்லை.

அந்த ரேசர் அவருடைய அண்ணனுடையது. அவர்களுடைய அப்பாவும் படுக்கையில் கிடந்தவர். தினமும் விடிகாலையில் அண்ணன்தான் சவரம் செய்துவிடுவார். சோப்பில் இரண்டு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டுக்கொள்வார். ஒருநாள் பாதி வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அண்ணன் விழுந்தார். எழவில்லை. அப்பாவின் இடது தாடைக்கு அடியில் மட்டும் நுரை காய்ந்துபோய் இருந்தது.

"அப்புறம் நான்தான் அப்பாவுக்கு எடுத்துவிடுவேன். அந்த இடத்துக்குப் போனா மட்டும் கையை வச்சு மறைச்சுக்குவார். தொடவே விடமாட்டார். நாலு மாசம் அது மட்டும் வளர்ந்து தொங்குச்சு. ஒருநாள் காலையில பார்த்தேன். சுத்தமா வழிச்சிருந்துச்சு."

"யாரு...?"

"ரேசர் பெட்டியில பூட்டிக் கிடந்துச்சு தம்பி. அன்னைக்கு மத்தியானமே அப்பா போயிட்டார்."

ரேசரைத் திருப்பித் தந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? அண்ணனுக்கு ரேசர் வேணும்னு யாரு சொன்னா? இப்போ உங்கப்பா முகம் அவருக்குப் பழகியிருக்கும்." பிறகு கேட்டார்: "இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கு?"

தீக்குச்சி அகலம் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அத்தானிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "போடா" என்றார். இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கை இன்னும் கூசுகிறதாம்.

நாளை செய்ய வேண்டியது: நாலரைக்கு எழ வேண்டும். அத்தானின் வலது கையில் இனி வழிக்க முடி இல்லை. என் கையை அப்பாவின் இடது தாடைக்கு அடியில் வைக்க வேண்டும். நன்றாக விடியும் வரை எடுக்கக் கூடாது.