காளை நடந்துவர ஒரு கார்டு போதவில்லை

செத்தவர்களைக் கல்யாணத்துக்குக் கூட்டிவருவதுதான் பீமாராவின் தொழில். பழங்காநத்தத்தில் ஒரு மாடி அறை, ஒரு கம்ப்யூட்டர், கல்யாண வீடியோ மிக்சிங். மணப்பெண்ணின் அப்பா இறந்திருப்பார். பழைய போட்டோவிலிருந்து அவரை வெட்டியெடுத்து மேடையில் மகளுக்குப் பக்கத்தில் நிறுத்துவான். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் மேகத்துக்குள் மிதக்கவிடுவார்கள். இவன் தரையில் நிற்கவைப்பான், நிழலோடு. அதற்காகவே மேலூரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

சொந்த ஊர் கீழக்குயில்குடிப் பக்கம். அப்பா சுருளி வயல்கூலி, நான் இருக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள். அண்ணல் பெயரை மகனுக்கு வைத்தவர்.

2006 ஆடி மாதம் தங்கப்பொண்ணு அந்த மாடிப்படி ஏறினாள். பீமாராவுக்கு அத்தை முறை. அவள் மகன் காளையும் இவனும் பள்ளியில் ஒரே பெஞ்சு. முந்தின வருஷம் ஒத்தக்கடையில் லாரி அடித்து காளை செத்துப்போனான். இருபத்து மூன்று வயது.

கல்யாணமாகாமல் செத்த பையனுக்குப் பட்டுவேட்டி கட்டி, மாலை போட்டு, மாப்பிள்ளையாக்கித்தான் குழிக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம். காளைக்கு அது நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உடம்பைத் துணியில் சுற்றித் தைத்துக் கொடுத்தார்கள். பிரிக்காதே, உடனே புதை என்றார்கள். சுற்றி நின்ற ஆம்பிளைகள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். தங்கப்பொண்ணு வாங்கிவைத்த மாலை வாசலிலேயே வாடியது.

மகனை மாப்பிள்ளைக் கோலத்தில் பார்க்கவேண்டும். அதைக் கேட்கத்தான் வந்தாள். வீடியோவில் போட்டுத்தருகிறேன் என்றான் பீமாராவ். அவள் ஒப்பவில்லை.

"டேப்பு அதும் பாட்டுக்கு ஓடும். நான் கூப்ட்டா அவன் வரணும் பீமா."

கம்ப்யூட்டர் விளையாட்டில் பித்தானை அழுத்தினால் ஆள் நடந்து வருகிறானே, அதுபோலச் செய்யலாம் என்று இவனுக்குத் தோன்றியது. சரி என்றான். ஆனால் கெடு இருந்தது. சர்க்கரையில் அவளுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண் பொங்கல் வரைக்கும் தாங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மூன்று போட்டோவை வைத்து முகத்தைச் செய்தான். பட்டுவேட்டியின் மடிப்பைச் செய்தான். மாலையைப் பூப்பூவாகச் செய்தான். நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூடச் செய்தான். ஐப்பசியில் காளை எழுந்து நின்றான். நடக்கச் சொன்னால்தான் வம்பு. ஓர் அடி வைப்பான், உறைந்துவிடுவான், பிறகு இரண்டடி தாண்டி நிற்பான். படத்தை வரைந்து திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டுக்கு அவ்வளவுதான் தெம்பு.

ஒரு நாள் தூக்கிய காலோடு காளை உறைந்து நிற்க, பீமாராவ் டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது கால் தரையில் இருந்தது. மெஷின் மெதுவாக முடித்திருக்கிறது, வேறொன்றுமில்லை. அது அவனுக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து தன் அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறந்தான்.

டவுன்ஹால் ரோட்டில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் நாகசுப்பிரமணியனிடம் போய்க் கேட்டான். அவர் சுற்றிவளைக்கிற ஆள் இல்லை.

"உம் போர்டுல ரெண்டு கார்டுக்கு எடம் இருக்கு தம்பி. அதே மாடல் ஒண்ணே ஒண்ணு மிச்சமிருக்கு. மாட்டுனா இன்னைக்கே ஓரளவுக்கு நடப்பான்."

"புதுசு ஒண்ணு வருதாம்லண்ணே?"

"வருது. அது ஒண்ணே இந்த ரெண்டையும் முழுங்கிரும். மதுரைக்கு எப்ப வரும்னு மட்டும் என்ட்ட கேக்காத."

ஓரளவு என்ற சொல்தான் பீமாராவைக் கெடுத்தது. காளை தடங்கலே இல்லாமல் நடக்கவேண்டும் அவனுக்கு. பொங்கலுக்கு இரண்டு மாதம் இருக்கிறதே என்று கணக்குப் போட்டான். காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தான். மிச்சமிருந்த கார்டை அந்த வாரமே யாரோ வாங்கிப்போனார்கள்.

கார்த்திகையில் தங்கப்பொண்ணு வந்தாள். இருப்பதைக் காட்டு, போதும் என்றாள். இவன் துண்டை எடுத்து மானிட்டர் மேல் போட்டு மூடினான். பாதி வேலையைக் காட்டுகிறதில்லை அத்தை என்றான். நல்ல கண்ணால் அந்தத் துண்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. அது தொழில் திமிர். அந்தக் கண்ணுக்கு மகன் போதும். வழவழப்பைக் கேட்டது இவன்தான்.

புதுக் கார்டு தை மாதக் கடைசியில் வந்தது. பொங்கல் முடிந்த வாரமே தங்கப்பொண்ணின் வலது கண்ணுக்குள் ரத்தம் இறங்கியிருந்தது. வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும் தெரிந்தது. பக்கத்து வீட்டு முத்துச்செல்வி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, தங்கப்பொண்ணு கூப்பிட்டாள்.

"காளை."

பீமாராவ் பித்தானை அழுத்தினான். காளை தூரத்திலிருந்து நடந்து வந்தான்.

"வந்துட்டானா?"

"வந்துட்டான் அத்த."

"எப்புடி வாரான்?"

"தண்ணி ஓடுற மாதிரி வாரான். ஒரு தடங்கல் இல்ல."

"அவன் என்னைக்குடா அப்புடி நடந்தான்? எருமக் கன்னு கணக்கா பொத்துபொத்துனு வருவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முத்துச்செல்வியும் சிரித்தாள். பீமாராவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வேட்டிக்கு என்ன கரை என்று கேட்டாள். பச்சை என்றான். மாலை கனமாக இருக்கிறதா என்று கேட்டாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிறது என்றான். திரை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு இரண்டு கையையும் அந்தப் பக்கம் நீட்டி, நெற்றியில் நெட்டி முறித்தாள்.

"சரி பீமா. மாப்ள கோலத்துல ரொம்ப நேரம் நிக்கவைக்கக் கூடாது. போகச் சொல்லு."

வருகிற நடைக்குப் பித்தான் இருந்தது. போகிற நடையை அவன் செய்யவே இல்லை. வரவேண்டும் என்றுதானே கேட்டிருந்தாள்.

"போயிட்டான் அத்த" என்றான்.

முத்துச்செல்வி திரையைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள். தங்கப்பொண்ணு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். திரையில் காளை நின்றான். நெஞ்சு ஏறி இறங்கியது.

மறுநாளே போகிற நடையைச் செய்ய உட்கார்ந்தான் பீமாராவ். அதற்குக் காளையின் முதுகு வேண்டும். மூன்று போட்டோவிலும் முகம்தான் இருந்தது. பிடரியில் முடி எங்கே முடியும், எந்தத் தோள் தாழ்ந்திருக்கும், ஒன்றும் தெரியவில்லை. ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பின்னாலிருந்து எங்கே பார்த்தான்? எத்தனை தடவை செய்தாலும் யாரோ ஒருத்தன் திரும்பிப் போனான்.

தினமும் காலையில் வேலைக்குப் போகிறவனை வாசலில் நின்று பார்த்தவள் ஒருத்திதான். அவளிடம்தான் கேட்கவேண்டும். கேட்டால், அவன் இன்னும் போகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.